ஜாஸ் ஸ்டாண்டர்ட்: ஒரே பாடலை ஏன் இத்தனை பேர் பாடுகிறார்கள்?

ஜாஸ் கேட்கத் தொடங்கும் எவரையும் முதலில் திகைக்க வைப்பது பாடல்களின் பட்டியல்தான். புகழ்பெற்ற ஒரு பாடகியின் ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால், அதிலுள்ள பாடல்களில் ஒன்றுகூட அவருக்காக எழுதப்பட்டதாக இராது. பெரும்பாலானவை ஏதோ ஒரு மேடை நாடகத்துக்கோ திரைப்படத்துக்கோ பல ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டவையாகவும், வேறு பலர் பாடிப் பிரபலமாக்கியவையாகவும் இருக்கும். அப்படியிருந்தும் அந்த ஆல்பத்தை அந்தப் பாடகியின் சொந்தப் படைப்பாகவே ரசிகர்கள் மதிக்கிறார்கள், அதைப் பற்றி நூல்கள் எழுதுகிறார்கள், ஒரு பாடலின் பல வடிவங்களை அருகருகே வைத்து மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். இந்த வழக்கத்தின் அடிப்படையைப் புரிந்துகொள்ள, பலரும் திரும்பத் திரும்ப எடுத்துப் பாடும், ஸ்டாண்டர்ட் எனப்படும் பாடல் எங்கிருந்து வந்தது, பாடகர் அதில் எதை மாற்றுகிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1958-இல் வெளியிட்ட ‘லேடி இன் சாட்டின்’ என்ற ஆல்பத்தை எடுத்துக்காட்டாக வைத்து இந்த இரண்டையும் விளக்க முயல்கிறேன்.

ஸ்டாண்டர்ட் பாடல்களில் பெரும்பகுதி 1920-களிலிருந்து 1950-கள் வரை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், மேற்கு 28-ஆம் தெருவைச் சுற்றி, பாடல்களை அச்சிட்டு விற்கும் பதிப்பகங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே குவிந்திருந்தன; அந்த வணிகம் முழுவதற்கும் ‘டின் பேன் ஆலி’ என்று பெயர் ஏற்பட்டது. இர்விங் பெர்லின், ஜெரோம் கெர்ன், கோல் போர்ட்டர், ஜார்ஜ் கெர்ஷ்வினும் அவருடைய அண்ணன் ஐராவும், ரிச்சர்ட் ராஜர்ஸ் – லாரன்ஸ் ஹார்ட் இணை போன்றவர்கள் பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதியவை அச்சுத் தாளாகவே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. பியானோ வைத்திருந்த குடும்பங்கள் தாளை வாங்கித் தாமே பாடின; நடன அரங்குகளில் இசைக்குழுக்கள் வாசித்தன; ஒரு பாடல் வெற்றி பெற்றால் அதே ஆண்டில் ஐந்தாறு பேர் அதை இசைத்தட்டில் பதிவுசெய்தார்கள். ஒரு பாடலைக் கேட்டவுடன் அதைப் பாடிய குரல் நினைவுக்கு வருவதுதான் நம்முடைய பழக்கம். அந்த நாட்டில் அந்தக் காலத்தில் அப்படியில்லை. பாடல் என்பது தாளில் இருந்தது. யாருடைய பதிவையும் ‘மூலம்’ என்று சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு பாடல் உரிமையாளரின் இசைவுடன் ஒருமுறை பதிவாகிவிட்டால், அதன் பிறகு வேறு யாரும் ஒரு பிரதிக்கு 2 சென்ட் என்ற நிலையான தொகையைச் செலுத்தி அதைப் பதிவுசெய்யலாம். உரிமையாளர் மறுக்க முடியாது. அந்த 2 சென்ட் 1970-களின் இறுதி வரை மாறவே இல்லை. ஜாஸ் கலைஞர்கள் பிறர் பாடல்களை இவ்வளவு தாராளமாக எடுத்தாண்டதற்கு அவர்களுடைய ரசனையைக் காரணமாகச் சொல்பவர்கள் இந்தச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அச்சிடப்பட்ட ஆயிரக்கணக்கான பாடல்களில் மிகச் சிலவே ஸ்டாண்டர்ட் ஆயின. அதைத் தீர்மானித்தவர்கள் கலைஞர்கள். மெட்டுக்கு அடியில் ஓடும் கார்டுகளின் வரிசை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் வரிசை, கற்பனைக்கு இடம் கொடுக்கும்படி அமைந்த பாடல்களை அவர்கள் மீண்டும் மீண்டும் எடுத்தார்கள். 1939 அக்டோபரில் டெனர் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ், ஜானி கிரீன் 1930-இல் இசையமைத்த ‘பாடி அண்ட் சோல்’ பாடலைப் பதிவுசெய்தபோது, தொடக்கத்தில் சில நொடிகள் மட்டும் மெட்டைத் தொட்டுக்காட்டிவிட்டு, மீதி நேரம் முழுவதும் கார்டுகளின் மேல் சொந்தமாகவே புனைந்து வாசித்தார். அந்தத் தட்டு பெருவெற்றி பெற்றது. அதன் பிறகு அந்தப் பாடலை வாசிக்காத சாக்ஸபோன் கலைஞர் அரிது. ஒருவரையொருவர் முன்பின் அறியாத நான்கு பேர் ஒரு மேடையில் சந்தித்து, பாடலின் பெயரையும் சுருதியையும் மட்டும் சொல்லிக்கொண்டு உடனே வாசிக்கத் தொடங்கிவிட முடிவது, இப்படி எல்லோருக்கும் பொதுவான பாடல்கள் இருப்பதால்தான்.

இந்தப் பாடல்களின் வடிவமும் பெரும்பாலும் ஒன்றே. நான்கு அடிகள் கொண்ட ஒரு தாளச் சுற்றை ‘பார்’ என்பார்கள். எட்டு பார்கள் கொண்ட ஒரு பகுதி முதலில் வரும். அதே மெட்டு வேறு சொற்களோடு மறுபடியும் வரும். பிறகு ‘பிரிட்ஜ்’ எனப்படும் எட்டு பார்கள் வேறொரு மெட்டில் வரும். இறுதியில் முதல் மெட்டு திரும்பி வரும். மொத்தம் 32 பார்கள். ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்திலுள்ள ‘யூ’வ் சேஞ்ச்ட்’ பாடலில் இதை விரல் விட்டு எண்ணிப் பழகலாம், ஏனெனில் முதல் மெட்டு வரும் மூன்று இடங்களிலும் தலைப்புச் சொற்களே முதலில் வருகின்றன. நடுவில் அந்தச் சொற்கள் இல்லாமல் மெட்டு மேலேறும் இடம்தான் பிரிட்ஜ். வடிவம் மனத்தில் பதிந்துவிட்டால், பாடகர் எங்கே அதைப் பின்பற்றுகிறார், எங்கே விலகுகிறார் என்பது தானாகவே காதில் விழத் தொடங்கும்.

பாடகரின் நிலை வாத்தியக் கலைஞரின் நிலையிலிருந்து வேறானது. சாக்ஸபோன் மெட்டை முழுக்கக் கைவிட்டுவிடலாம். பாடகருக்குச் சொற்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டும். சொற்களையே விட்டுவிட்டுப் பொருளற்ற அசைகளால் குரலை வாத்தியமாக்கும் ‘ஸ்காட்’ முறையும் உண்டு. அதை ட்ரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங் 1926-இல் ‘ஹீபீ ஜீபீஸ்’ பதிவின் மூலம் பரவலாக்கினார், பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் உச்சத்துக்குக் கொண்டுபோனார். அது தனி உலகம். சொற்களை விடாமல் பாடலைத் தனதாக்கிக்கொள்ளும் வழிகள் கண்ணுக்கு எளிதில் புலப்படாதவை என்பதால், இங்கே அவற்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

முதல் வழி காலம். கர்நாடக இசையில் நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு இதைத் தலைகீழாக வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். நிரவலில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதன் சொற்கள் தாளத்தில் விழும் இடங்களைப் பெரும்பாலும் மாற்றாமல், ராகத்தைப் புதிது புதிதாக விரிக்கிறார்கள். பில்லி ஹாலிடே சொற்கள் விழும் இடத்தையே நகர்த்துகிறார். இசைக்குழு தாளத்தைச் சீராகக் கொண்டு செல்லும்போது, அச்சுத் தாளில் குறித்திருக்கும் இடம் கடந்த பிறகே அவர் சொல்லை எடுப்பார். பிறகு இரண்டு மூன்று சொற்களைச் சற்று நெருக்கிப் பாடி, வரி முடியும் இடத்துக்குள் வந்து சேர்ந்துவிடுவார், அல்லது சேராமலே அடுத்த வரிக்குள் வழிந்துபோவார். பேச்சில் நாம் ஒரு கசப்பான செய்தியைச் சொல்லும் முன் தயங்குவதும், சொல்லத் தொடங்கியபின் விரைந்து முடித்துவிடுவதும் எப்படியோ அப்படியே அது ஒலிக்கும். தாளம் தவறிவிட்டதோ என்று புதிதாகக் கேட்பவர்களுக்குத் தோன்றலாம். கால் விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால், அவர் எப்போதும் தாளத்தை அறிந்தே பின்தங்குகிறார் என்பது தெளிவாகும்.

இரண்டாவது, மெட்டைச் சுருக்குவது. ஹாலிடேயின் குரல் எல்லை இளமையிலேயே அகலமானதன்று. 1935 முதல் பியானோ கலைஞர் டெடி வில்சனுடன் அவர் பதிவுசெய்த தட்டுகளைக் கேட்டால், மேலும் கீழும் தாவும் ஒரு மெட்டை அவர் மூன்று நான்கு ஸ்வரங்களுக்குள் அடக்கி, ஒரே ஸ்வரத்தில் ஒரு வரியின் பாதியைப் பாடிவிட்டு, மிக முக்கியமான சொல்லில் மட்டும் குரலை வளைப்பதைக் காணலாம். அன்று அவருக்குக் கிடைத்த புதுப் பாடல்களில் பல சாதாரணமானவை. அவற்றுக்கு மதிப்பு வந்ததே அவர் பாடியதால்தான். ஆம்ஸ்ட்ராங்கின் உணர்வும் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் குரல் வலிமையும் தமக்கு வேண்டும் என்று விரும்பியதாக அவர் சொன்னதுண்டு. ஆம்ஸ்ட்ராங் ஒரு மெட்டின் தேவையற்ற ஸ்வரங்களை உதிர்த்து எலும்பை மட்டும் நிறுத்தும் விதத்தை ஹாலிடேயின் பாட்டில் அப்படியே கேட்கலாம்.

ஆல்பம் என்ற கருத்து இதற்குப் பின்னால் வந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். ஒரு பக்கத்துக்கு ஒரு பாடல் என்பதே கணக்கு. 1948-இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டை அறிமுகப்படுத்திய பிறகு, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பதிவுசெய்ய முடிந்தது. பத்துப் பன்னிரண்டு பாடல்களை ஒரே மனநிலையில் கோத்து, எது முதலில் வர வேண்டும், எது எதன் பின் வர வேண்டும் என்று யோசித்து அமைக்கும் கலை அப்போது பிறந்தது. பாடகர் ஃபிராங்க் சினாட்ரா 1955-இல் வெளியிட்ட ‘இன் த வீ ஸ்மால் அவர்ஸ்’ ஆல்பத்தில் பிரிவுத் துயரத்தைத் தவிர வேறு பொருளே இல்லை. அடுத்த ஆண்டு எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், நார்மன் கிரான்ஸ் தொடங்கிய வெர்வ் நிறுவனத்துக்காக, கோல் போர்ட்டர் பாடல்கள் மட்டும் அடங்கிய ஒரு தொகுப்பைப் பாடினார். இசையமைப்பாளருக்கு ஒரு தொகுப்பு என்று தொடர்ந்து அவர் பாடிய வரிசையில், பாடலாசிரியர் எழுதியதைத் துலக்கமாகக் கேட்கச் செய்வதே நோக்கம். மெட்டிலிருந்து அவர் அதிகம் விலகுவதில்லை. ஒரு பாடலின் மூல வடிவத்தை அறிய விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது எல்லாவின் பதிவுகளைத்தான். அங்கே அறிந்துகொண்டு பிறகு ஹாலிடேயிடம் வந்தால், அவர் செய்திருப்பது எவ்வளவு துணிச்சலானது என்பது புரியும்.

‘லேடி இன் சாட்டின்’ 1958 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானது. இடம், தேவாலயமாக இருந்து கொலம்பியாவின் ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய 30-ஆம் தெருக் கட்டடம். உயர்ந்த கூரை கொண்ட அந்தக் கூடத்தில்தான் மறு ஆண்டு ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவானது. ஹாலிடேயே விரும்பிக் கேட்டுக்கொண்டதால் ரே எல்லிஸ் இசைக்கோர்ப்பை ஏற்றார். சிறு ஜாஸ் குழுக்களுடன் பாடிப் புகழ்பெற்றவர், இம்முறை வயலின்களும் ஹார்ப்பும் சொல்லில்லாமல் ஒலிக்கும் பெண் குரல்களும் சேர்ந்த, சுமார் 40 பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார். நடுவே ஜே. ஜே. ஜான்சன், அர்பி கிரீன் ஆகியோரின் டிராம்போனும் மெல் டேவிஸின் ட்ரம்பெட்டும் சிறு சிறு இடங்களில் தனித்து ஒலிக்கும். பாடல்களில் பெரும்பாலானவை அவர் அதற்கு முன் பதிவுசெய்யாதவை. ஆல்பத்தின் தலைப்பு சொல்லும் பட்டின் மென்மை அத்தனையும் வயலின்களில் இருக்கிறது. குரலில் துளியும் இல்லை.

அப்போது ஹாலிடேயின் வயது 42. போதைப்பழக்கமும் குடியும் அவருடைய குரலைக் கரடுமுரடாக்கியிருந்தன. 1947-இல் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றதால், நியூயார்க்கில் மது விற்கும் இசை விடுதிகளில் பாடுவதற்கான உரிமச் சீட்டும் பறிக்கப்பட்டு, சொந்த நகரத்தின் விடுதிகளில் பாட முடியாத நிலையில் பத்தாண்டுகளுக்கு மேல் அவர் வாழ வேண்டியிருந்தது. 1959 ஜூலை 17 அன்று, 44 வயதில், அவர் இறந்தார். இந்த விவரங்கள் தெரிந்தவர்கள் ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்தை ஓர் அழிவின் பதிவாக மட்டுமே கேட்டுவிடுகிறார்கள். ரசிகர்கள் நெடுங்காலமாக இரண்டு அணிகளாகப் பிரிந்து, ‘குரல் போய்விட்டது, கேட்கவே முடியவில்லை’ என்றும் ‘அந்த உடைந்த குரல்தான் உண்மை’ என்றும் சொல்லி வருகிறார்கள். இரண்டு அணிகளுமே குரலின் நிலையைப் பற்றித்தான் பேசுகின்றனவே தவிர, அந்தக் குரலை வைத்து அவர் என்ன செய்தார் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் எண்ணம். குரலின் எல்லை இன்னும் குறுகி, நீண்ட மூச்சு இல்லாமல் போன நிலையில், காலத்தைக் கையாளும் திறமை மட்டும் குறையாமல் அவரிடம் இருந்தது. அந்த ஒரு திறமையைக் கொண்டே அவர் முழு ஆல்பத்தையும் நடத்திச் செல்கிறார். அதை வெறும் துயரத்தின் விளைவு என்று சொல்வது இருபத்தைந்து ஆண்டுக்கால உழைப்பை மறுப்பதாகும்.

ரே எல்லிஸே பதிவின்போது மனநிறைவு அடையவில்லை. ஸ்வரத்தையும் சுருதியையும் மட்டும் கவனித்துக்கொண்டிருந்த தமக்கு, சில வாரங்கள் கழித்து முழுமையாக்கப்பட்ட ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் ஹாலிடேயின் பாட்டின் பெருமை விளங்கியது என்று பின்னாளில் அவர் கூறினார். மைல்ஸ் டேவிஸும் அதே ஆண்டு அளித்த ஒரு பேட்டியில், பழைய ஹாலிடேயைவிட இன்றைய ஹாலிடேயைக் கேட்கவே தமக்கு விருப்பம் என்றார்.

இனி காதால் சரிபார்க்கும் வேலைக்கு வருவோம். சினாட்ராவின் 1955 ஆல்பத்திலும் ஹாலிடேயின் 1958 ஆல்பத்திலும் மூன்று பாடல்கள் பொதுவாக உள்ளன: ராஜர்ஸ் – ஹார்ட் 1936-இல் ‘ஆன் யுவர் டோஸ்’ நாடகத்துக்கு எழுதிய ‘கிளாட் டு பி அன்ஹேப்பி’, அலெக் வைல்டரின் ‘ஐ’ல் பி அரவுண்ட்’, ஹோகி கார்மைக்கேலின் ‘ஐ கெட் அலாங் விதவுட் யூ வெரி வெல்’. இருவரும் 1915-இல் பிறந்தவர்கள். தம் பாட்டின் மீது மிகப் பெரிய செல்வாக்கு செலுத்தியவர் பில்லி ஹாலிடே என்று சினாட்ரா 1958-இல் வெளிப்படையாகவே எழுதினார். இவ்வளவு நெருக்கமான இருவர் ஒரே பாடல்களை மூன்றாண்டு இடைவெளியில் பாடியிருப்பதால், ஒப்பிட்டுக் கேட்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு தொடக்கநிலை ரசிகருக்குக் கிடைப்பது கடினம்.

கார்மைக்கேலின் பாடலை எடுத்துக்கொள்வோம். ‘லைஃப்’ இதழில் 1924-இல் முதலெழுத்துகள் மட்டும் போட்டு வெளியான ஒரு கவிதையை அடிப்படையாகக் கொண்டு அவர் அதை எழுதினார். எழுதியவர் ஜேன் பிரவுன் தாம்ஸன் என்பது வெகு தேடலுக்குப் பிறகே தெரியவந்தது. 1939 ஜனவரியில் பாடல் முதன்முதலாக வானொலியில் ஒலிப்பதற்கு முந்தைய நாள் அந்தப் பெண்மணி இறந்துபோனார். நீ இல்லாமல் நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தொடங்கி, மழை பெய்யும் நேரத்தைத் தவிர, யாரேனும் உன்னைப்போல் சிரிக்கும் நேரத்தைத் தவிர என்று விலக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் பாடல் அது. சினாட்ரா அதை நீண்ட மூச்சில், ஒரு வரியின் முடிவை அடுத்த வரியோடு இணைத்து, தாழ்ந்த குரலில் பாடுகிறார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டிருப்பதை நாம் மெல்லத்தான் கண்டுபிடிக்கிறோம். ஹாலிடே வரியைத் துண்டு துண்டாக எடுக்கிறார். ஒவ்வொரு துண்டுக்கும் பின் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் வயலின்கள் நகர்ந்துபோகின்றன. அவர் பின்தங்கியே வருகிறார். நன்றாக இருக்கிறேன் என்ற சொற்களை அவர் எடுக்கும் விதத்திலேயே அது உண்மையில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுவதால், விலக்குகள் ஒவ்வொன்றும் வரும்போது நமக்கு வியப்பு ஏற்படுவதில்லை. ஒரே மெட்டு, ஒரே சொற்கள். ஆனால் சினாட்ராவின் பாடலில் பாடலின் முடிவில் வெளிப்படுவது, ஹாலிடேயின் பாடலில் தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது. பாடலைத் தனதாக்கிக்கொள்வது என்று நான் சொன்னது இதைத்தான்.

‘யூ’வ் சேஞ்ச்ட்’ பாடலில் முன்பு சொன்ன 32 பார்களைப் பயன்படுத்திக் கேளுங்கள். தலைப்புச் சொற்கள் மூன்று பகுதிகளின் தொடக்கத்தில் வருகின்றன. ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு சொற்கள் தாளத்தின் எந்த இடத்தில் விழுகின்றன, இரண்டாம் சொல்லின் கடைசியில் குரல் எந்தப் பக்கம் சரிகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். பிறகு பிரிட்ஜில் மெட்டு மேலே ஏறும்போது, குரல் ஏற மறுக்கும் உயரத்தை அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேளுங்கள். அந்த இடத்தில்தான் மெட்டைச் சுருக்கும் அவருடைய பழைய பழக்கம் கைகொடுக்கிறது.

ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்’ அவருக்குப் பழக்கமில்லாத பாடல். அதனால் இசைக்குழுவின் வாசிப்பை முதலில் தனியாகப் பதிவுசெய்துவிட்டு, அவருடைய குரலைப் பிறகு அதன் மேல் சேர்த்தார்கள். இதனால் அந்தப் பாடல் மோனோ (ஒற்றைத் தட ஒலி) தட்டில் மட்டும் இடம்பெற்றது; அக்காலத்து ஸ்டீரியோ (இரட்டைத் தட ஒலி) தட்டில் பதினொரு பாடல்களே இருந்தன. பிற்கால மறுவெளியீடுகளில் அவர் அந்தப் பாடலைப் பயிலும் ஒலிப்பதிவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்டாண்டர்ட் பாடல் பாடகர் ஒருவரின் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை நேரில் கேட்க விரும்புகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

ஆல்பத்தின் முதல் பாடலான ‘ஐ’ம் எ ஃபூல் டு வான்ட் யூ’, 1951-இல் சினாட்ரா பதிவுசெய்தது. எழுதியவர்களில் ஒருவராக அவர் பெயரும் இருக்கிறது. ஹாலிடேக்குப் பிறகு அது பலருடைய கைக்குப் போனது. 2015-இல் பாப் டிலன், சினாட்ரா பாடிய பழைய பாடல்களைத் திரட்டி ‘ஷேடோஸ் இன் த நைட்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டபோது, அவரும் இதே பாடலை முதலில் வைத்தார். டிலன் ஜாஸ் பாடகர் அல்லர். அவருடன் வாசித்தது ஐந்து பேர் கொண்ட சிறு குழு. ஹாலிடேயின் பதிவில் வயலின்கள் நின்ற இடத்தில் அங்கே ஒரு பெடல் ஸ்டீல் கிதார் நிற்கிறது. அப்போது அவருக்கு 73 வயது, குரல் ஹாலிடேயின் குரலைவிடவும் தேய்ந்திருந்தது. 1951, 1958, 2015 ஆகிய மூன்று பதிவுகளையும் இதே வரிசையில் கேட்க ஒரு கால் மணி நேரம்கூட ஆகாது.